நுரையின் கதை: சீயக்காயிலிருந்து பாக்டீரியா வரை



பாக்டீரியாவை நொதிக்க வைத்து, சோப்பு போல நுரைக்கும் பொருளை எடுக்கிறார்களாமே, அது உண்மையா என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். "இயற்கைதானே பெரியம்மா, நம்ம வீட்டுலயே போட்டுடலாமா?" என்று என் தங்கை மகளும் கேட்டாள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இந்தப் பதிவு. இது நுரையின் வரலாறு. கொஞ்சம் நீளம்தான், சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

முதலில் ஒரு பழைய பாடம். தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை நடுவில் வைத்தால் தூள் எல்லாம் ஓரத்துக்கு ஓடும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் மாதிரி இருக்கிறது. அந்த இழுப்பைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். சோப்பு அந்த இழுப்பைத் தளர்த்துகிறது. சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் போய் பிசுக்கைப் பிடித்துக்கொள்ள, தலை தண்ணீரோடு கிளம்ப, அழுக்கு வெளியேறுகிறது. இப்படி வேலை செய்யும் எல்லாப் பொருளுக்கும் ஆங்கிலத்தில் சர்ஃபேக்டன்ட் என்று பெயர். தமிழில் பரப்புச் செயலி என்பார்கள். நான் இங்கே நுரைப்பொருள் என்றே எழுதுகிறேன், எல்லாருக்கும் விளங்கும்.

நம் ஊருக்கு நுரைப்பொருள் புதிதல்ல. சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை இலையை அரைத்த அரப்பு, இந்த மூன்றிலும் இருப்பது சப்போனின் என்ற நுரைப்பொருள். செடி அதைத் தன் பாதுகாப்புக்காகச் செய்து வைத்துக்கொள்கிறது. நாம் தலைக்குத் தேய்க்கவும் பட்டுப்புடவை அலசவும் எடுத்துக்கொண்டோம். வெள்ளாவி வைத்தவர்கள் பயன்படுத்திய உவர்மண் வேறு வகை. அதில் இருப்பது காரம். அது அழுக்கிலுள்ள கொழுப்போடு சேர்ந்து அங்கேயே கொஞ்சம் சோப்பாக மாறி வெளுக்கும். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் காய்ச்சும் சோப்புக்கும் இதே தத்துவம்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை என்றால் தீங்கில்லை என்று பொருளல்ல. சப்போனின் உள்ள காய்களை நசுக்கிக் குட்டையில் போட்டு மீனை மயங்க வைத்துப் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. நம் தலைமுடிக்கு நல்லது மீனின் செவுளுக்கு நல்லதல்ல. இது நினைவிலிருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

சரி, சோப்பு இருக்கும்போது சலவைத்தூள் ஏன் வந்தது? தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் போர் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்கு விடை தெரியும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து வாளி ஓரத்தில் ஒட்டும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். கடின நீரிலும் நுரைக்கிற பொருள் தேவைப்பட்டது. முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மனியில் சாப்பிடவே கொழுப்பு கிடைக்காத நிலை. அப்போது அங்குள்ள வேதியியலாளர்கள் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கை நுரைப்பொருள் செய்தார்கள். 1946-ல் அமெரிக்காவில் டைடு என்ற சலவைத்தூள் வந்து பெரிய சந்தையைப் பிடித்தது. இந்தியாவுக்கு 1959-ல் சர்ஃப் வந்தது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கினார். விலை குறைந்தது. பெண்களின் கைவலியும் குறைந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். துவைக்கிற கல்லின் முன்னால் குனிந்து நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 1950-களில் பெட்ரோலியத்திலிருந்து செய்த நுரைப்பொருளின் வால், கிளை விட்ட சங்கிலியாக இருந்தது. ஆற்றிலுள்ள பாக்டீரியாவுக்கு அதைத் தின்னத் தெரியவில்லை. முருங்கைக்காய் மாதிரி நேராக இருந்தால் ஒரு முனையில் கடிக்கத் தொடங்கி மறுமுனை வரை தின்றுவிடும். கருவேல முள் மாதிரி கிளை கிளையாக இருந்தால் எங்கே வாய் வைப்பது? விளைவு, ஐரோப்பிய ஆறுகளில் ஆள் உயரத்துக்கு நுரை மலை. அமெரிக்காவில் சில ஊர்களில் குழாயைத் திறந்தால் டம்ளரிலேயே நுரை. 1961-ல் மேற்கு ஜெர்மனி இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 1965 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் நேர்ச்சங்கிலிக்கு மாறின.

அந்த நேர்ச்சங்கிலிப் பொருள் நம் வடசென்னையிலும் தயாராகிறது. ஸ்பிக்கும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம், மணலியில் லீனியர் அல்கைல் பென்சீன் செய்கிறது. கெரசினிலிருந்து பிரித்த நேர்ச்சங்கிலியும் பென்சீனும் சேர்ந்த திரவம் அது. அதைக் கந்தக வேதிப்பொருளோடு வினைபுரிய வைத்தால் கிடைப்பதுதான், மகளிர் குழுக்களில் சோப்பு ஆயில் காய்ச்சும் நம் பெண்கள் கேனில் வாங்கி வரும் ஆசிட் சிலரி. சீயக்காய்க் கொடியிலிருந்து கச்சா எண்ணெய் வரை நுரை வந்துவிட்டது.

இனி இன்னொரு நுரையைப் பார்ப்போம். டைடு வந்த அதே 1946-ல் ஸ்வீடனில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பெர்க்ஸ்ட்ரோம், தியோரெல், டேவிடே என்ற மூவர் எழுதியது. அவர்கள் தேடியது சோப்பு அல்ல, காசநோய்க்கு மருந்து.

இதை நம் ஊரிலிருந்து யோசித்துப் பாருங்கள். தாம்பரம் சானடோரியம் என்று ரயிலில் தினமும் ஸ்டேஷன் பெயர் கேட்கிறோம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த மருத்துவமனையால் வந்த பெயர் அது. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு நல்ல காற்று, சத்தான உணவு, ஓய்வு, இவைதான் வைத்தியம். ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களின் நடுவில்தான் வெளியே வரத் தொடங்கியது. அதனால் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில், காசநோய்க் கிருமியைக் கொல்லும் இன்னொரு கிருமி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வீடன்காரர்கள் எடுத்துக்கொண்டது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. புண்ணில் நீலப்பச்சை நிறத்தில் சீழ் பிடிக்குமே, அதற்குக் காரணமான கிருமிகளில் ஒன்று. அது சுரந்த ஒரு பொருள் காசநோய்க் கிருமியைத் தடுத்தது. மருந்தாக அது வெற்றி பெறவில்லை. ஆனால் 1949-ல் அமெரிக்காவில் ஜார்விஸ், ஜான்சன் இருவரும் அதே பாக்டீரியாவின் சுரப்பை ஆராய்ந்து அமைப்பைச் சொன்னார்கள். ஒரு பக்கம் ராம்னோஸ் என்ற சர்க்கரை, மறுபக்கம் கொழுப்பு அமிலம். சர்க்கரைக்குத் தண்ணீர் பிடிக்கும், கொழுப்புக்கு எண்ணெய் பிடிக்கும். அதாவது தலையும் வாலும்! கிருமி செய்த சோப்பு. இன்று அதற்கு ராம்னோலிப்பிட் என்று பெயர். பெர்க்ஸ்ட்ரோமும் தியோரெலும் பின்னாளில் வேறு கண்டுபிடிப்புகளுக்காக நோபல் பரிசு வாங்கினார்கள்.

இரண்டாவது கதை ஜப்பானில். 1968-ல் அரிமா, ககினுமா, தமுரா என்ற மூவர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளைத் தேடினார்கள். மண்ணிலும் வைக்கோலிலும் சாதாரணமாக இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு பொருள் கிடைத்தது. ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கைகோத்து நிற்க, ஒரு கொழுப்பு வால். சர்ஃபேக்டின் என்று பெயர் வைத்தார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசையை 72 என்று வைத்துக்கொண்டால், இது அதை 27-க்கு இறக்கியது. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் சில பத்து மில்லிகிராம் போதும். ஷாம்புவிலும் பற்பசையிலும் இருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் தன் முழு வேலையைக் காட்ட லிட்டருக்குச் சுமார் இரண்டு கிராம் தேவை. வித்தியாசத்தைப் பாருங்கள்.

பாக்டீரியா ஏன் இதைச் செய்கிறது? நமக்குப் பாத்திரம் கழுவவா? இல்லை, தன் சாப்பாட்டுக்கு. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவுக்கு எண்ணெய் தண்ணீரோடு கலக்காதது பெரிய தடை. நுரைப்பொருளைச் சுரந்து எண்ணெயைச் சிறு சிறு துளிகளாக உடைத்துக்கொள்கிறது. ஈரப் பரப்பில் வழுக்கி நகரவும், போட்டிக்கு வரும் மற்ற கிருமிகளை விரட்டவும் அதே பொருள் உதவும். 2002-ல் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. அவர்கள் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைத் தேடிய இடம் எது தெரியுமா? பெட்ரோல், டீசல் பங்குகளின் மண். பெட்ரோல் சிந்திச் சிந்திக் கறுத்த மண்ணில்தான் அதைத் தின்னப் பழகிய கிருமி இருக்கும். எங்கே தேடுவது என்று தெரிவதே பாதி ஆராய்ச்சி.

மூன்றாவது கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது நமக்கு மூன்று மணி நேரப் பயணத்தில், புதுச்சேரியில் நடந்தது.

புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. 1975-ல் தொடங்கியது. வேலை, கொசு ஒழிப்பு ஆராய்ச்சி. கொசுவின் வாழ்க்கையை நான் கரும்பலகையில் வரைந்தது ஞாபகம் இருக்கும்: முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. புழு தின்றுகொண்டே இருக்கும். அதனால் குடலுக்குள் போய்க் கொல்லும் பாக்டீரியா மருந்து, பி.டி.ஐ. என்பது, அதற்குப் பலிக்கும். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. தின்னாததற்கு எப்படி விஷம் வைப்பது? மருந்தடித்த பிறகும் கூட்டுப்புழு தப்பி, இரண்டொரு நாளில் கொசுவாகப் பறந்துவிடும்.

அந்த மையத்தின் ஆய்வாளர்கள் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அலையாத்திக் காட்டிலிருந்து எடுத்த ஒரு பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா கூட்டுப்புழுவையே கொன்றது. அதிலிருந்த பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஜப்பானில் 1968-ல் பெயர் வைத்த அதே சர்ஃபேக்டின்! 2010-ல் கட்டுரைகள் வெளிவந்தன. அது வேலை செய்யும் விதத்தை மிளகுத்தூள் தட்டு தெரிந்த பிள்ளைக்குக்கூடப் புரிய வைக்கலாம். கூட்டுப்புழு தலைப்பக்கம் உள்ள இரண்டு சிறு குழாய்களைத் தண்ணீரின் மேற்பரப்பில் நீட்டி மூச்சு விடுகிறது. அந்தப் பரப்பின் இழுப்புதான் அதை மேலே தாங்கி நிற்கிறது. இழுப்பு தளர்ந்தால் பிடிமானம் போய்விடும், மூச்சு நின்றுவிடும். விஷம் ஊட்ட வேண்டியதில்லை, நிற்கிற தரையை எடுத்துவிட்டால் போதும்.

கவனித்தீர்களா? மூன்று இடத்திலும் யாரும் சோப்பைத் தேடவில்லை. காசநோய் மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருள், கொசு மருந்து. தேடிப் போனது ஒன்று, கையில் கிடைத்தது நுரை.

அப்படியானால் எண்பது வருடமாகத் தெரிந்த பொருள் ஏன் நம் சமையலறைக்கு வரவில்லை? இதற்கு இட்லி மாவிலிருந்து பதில் சொல்லலாம். மாவு கரைத்து வைத்தால் இரவில் நுண்ணுயிர்கள் பெருகி மாவு பொங்குகிறது. பாத்திரம் சின்னதாக இருந்தால் காலையில் மேடையெல்லாம் வழிந்து கிடக்கும். தொழிற்சாலையின் நொதிகலனிலும் இதே பாடுதான், நூறு மடங்கு. பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், அதனால் கீழிருந்து காற்றை ஊதுகிறார்கள். அது சுரப்பதோ நுரைப்பொருள். சோப்புத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் என்ன ஆகும்? கலனே பொங்கி, காற்று வெளியேறும் குழாய் வழியாக எல்லாம் வெளியே வந்துவிடும்.

1981-ல் கனடாவில் ஒரு குழு இந்தத் தொல்லையையே வழியாக மாற்றியது. பொங்கும் நுரையை அடக்காமல், வெளியே வரவிட்டுத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். வேண்டிய பொருள் அந்த நுரையில்தானே அதிகம் இருக்கிறது! கூடவே இரும்பு, மாங்கனீசு உப்பு கொஞ்சம் சேர்த்ததும் விளைச்சல் கூடியது. கூடியும் என்ன, லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஒரு குடம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்த மாதிரி. மீதித் தண்ணீரையெல்லாம் விலக்கி அந்த ஒரு ஸ்பூனைப் பிரிக்க வேண்டும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது என்பது துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இதற்கு முன்னால் பாக்டீரியாவுக்கு நல்ல சர்க்கரையும் எண்ணெயும் போட்டு வளர்த்த செலவு வேறு. கெரசினிலிருந்து வரும் ஆசிட் சிலரியோடு விலையில் எப்படிப் போட்டி போடுவது?

இங்கேதான் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களின் பங்கு. நல்ல சர்க்கரை எதற்கு, கழிவைக் கொடுத்துப் பார்ப்போமே என்றார்கள். 1997-ல் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனமான இம்டெக்கில், கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸில் பேசில்லஸை வளர்த்து நுரைப்பொருள் எடுத்துக் காட்டினார்கள். அதுவும் 45 டிகிரி வெப்பத்தில். நம் ஊர் வெயிலுக்குக் கலனைக் குளிர வைக்க ஆகும் செலவை யோசித்தால் இதன் அருமை தெரியும். படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பாகின் வாசனை மூக்கிலேயே இருக்கும். 2010-ல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடற்பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா ஒன்றைத் தொழிற்சாலைக் கழிவுகளிலும் வேளாண் கழிவுகளிலும் வளர்த்து எடுத்தார்கள்.

2012-ல் நம் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் முறை. 1948-ல் தொடங்கிய நிலையம் அது. இறைச்சிக்கூடத்தில் வீணாகும் கொழுப்பைச் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா ஒன்றுக்குத் தீனியாகப் போட்டு நுரைப்பொருள் எடுத்தார்கள். அதைக் கொண்டு தண்ணீரில் கரைந்த உலோகங்களை நீக்கிக் காட்டினார்கள். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் குரோம் லெதர் கம்பெனி. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் நிலத்தடி நீரில் குரோமியம் இறங்கிய கதை நம் எல்லாருக்கும் தெரியும். அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே, கழிவுக் கொழுப்பைக் கொண்டு உலோகத்தை எடுக்கும் யோசனை பிறந்திருக்கிறது. ஆய்வகத்தில் பிறந்தது ஊருக்குள் நடந்து வர நாளாகும். ஆனால் பிறந்திருக்கிறது.

உலகத்தில் இன்று நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. ஜப்பானின் சராயா நிறுவனம் ஈஸ்ட் செய்யும் சோபரோலிப்பிட் என்ற நுரைப்பொருளைக் கழுவும் திரவத்தில் சேர்த்து விற்கிறது. 2019-ல் யூனிலீவர், ஜெர்மனியின் எவோனிக்கோடு சேர்ந்து, சிலி நாட்டில் ராம்னோலிப்பிட் கலந்த பாத்திரம் கழுவும் திரவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024-ல் எவோனிக் ஸ்லோவாக்கியாவில் கட்டிய பெரிய ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 'சீழ்க் கிருமியை வைத்தா சோப்பு?' என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கிருமியின் சாதுவான உறவுக்காரி சூடோமோனாஸ் புட்டிடா. நுரை செய்யத் தேவையான மரபணுக்களை மட்டும் அவளுக்கு மாற்றி வைத்து ராம்னோலிப்பிட் எடுக்கும் வழியை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். வித்தை மட்டும் கைமாறுகிறது, நோய் மாறுவதில்லை.

இப்போது "வீட்டுலயே போட்டுடலாமா" என்ற கேள்வி. ஆரஞ்சுத் தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் பாட்டிலில் ஊற வைக்கும் பயோ என்சைம் குறிப்பு நம் குடும்பக் குழுவில் மாதம் ஒருமுறை சுற்றி வருகிறது. செய்யுங்கள், தவறில்லை. தோல் குப்பைக்குப் போகாமல் மிச்சம். மூடியை அவ்வப்போது திறந்து வாயுவை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் சேர்வது அமிலமும் கொஞ்சம் ஆல்கஹாலும். உப்புக்கறை போவது அந்த அமிலத்தால். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பூந்திக்கொட்டையை ஊற வைத்துச் சேர்த்தால் அதிலுள்ள சப்போனின் உதவும். நான் மேலே சொன்ன பாக்டீரியா நுரை வேறு சங்கதி. தேர்ந்தெடுத்த ஒரே கிருமியை, வேறு கிருமி புகாமல், அளந்த காற்றில் வளர்த்தால்தான் அது கிடைக்கும். சூடோமோனாஸை வீட்டில் வளர்க்க யாரும் முயல வேண்டாம். தீப்புண் பட்டவருக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவருக்கும் அது பொல்லாத கிருமி.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன்? நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரி நீர்தான் அடையாறு. ஒரத்தூர்ப் பக்கமிருந்து வரும் கிளையும் அதில்தான் சேர்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு 2015-ல் அந்த ஆறு வீட்டுக்குள் வந்தே அறிமுகமானது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பட்டினப்பாக்கத்தில் கடலில் விழுகிறது. 2019 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் மழைக்குப் பிறகு அங்கே கடற்கரை முழுக்க வெள்ளை நுரை. பிள்ளைகள் அதில் குதித்து விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். அது சுத்திகரிக்காத கழிவுநீரிலும் சலவைப் பொருட்களிலும் உண்டான நுரை என்று தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் எச்சரித்தார்கள். ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர்கள் நாம். கால்மாட்டில் நின்றது நம் பிள்ளைகள் மாதிரியான பிள்ளைகள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மணலியில் செய்வது நேர்ச்சங்கிலிப் பொருள் என்றேனே, காற்று கலந்த நீரில் பாக்டீரியா அதைத் தின்றுவிடும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பெரும்பகுதி அழிந்துவிடும். சாக்கடை கலந்து, கறுத்து, ஆக்சிஜன் செத்த ஆற்றில் அது தங்கிவிடுகிறது. பாக்டீரியா செய்த நுரை காற்றில்லாத இடத்திலும் சிதையக்கூடியது, அது அதன் பெருமை. ஆனால் எதை ஊற்றினாலும் சுமக்கும் என்று ஆற்றை நினைத்தால், எந்த இயற்கை நுரையும் நம்மைக் காப்பாற்றாது. மீனை மயக்கிய சப்போனினை மறக்க வேண்டாம். அளவும் போய்ச் சேரும் இடமும்தான் ஒரு பொருளை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்குகின்றன. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது காசுக்கு மட்டுமல்ல.

எனக்குப் புரிந்த வரலாறு இதுதான். நுரைக்கு ஒரு விலை எப்போதும் உண்டு. சீயக்காய்க் காலத்தில் அதை இடித்த கை கொடுத்தது. சோப்புக் காலத்தில் எண்ணெய்ச் செக்கு கொடுத்தது. சலவைத்தூள் காலத்தில் கடையில் விலை குறைந்தது, மீதியை ஆறு கொடுத்தது. பாக்டீரியா நுரையின் விலை அதிகமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அதில் ஆற்றின் தலையில் கட்டும் பாக்கி குறைவு. அந்த விலையைக் குறைக்க நம்மிடம் மொலாசஸ் இருக்கிறது, வீணாகும் கொழுப்பு இருக்கிறது, வெயிலும் இருக்கிறது, படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் செய்யக் கற்றுக்கொண்ட ஊர் இது, நொதிகலன் நடத்தக் கற்றுக்கொள்ளாதா?

உங்களில் நுண்ணுயிரியலும் கெமிக்கல் இன்ஜினீயரிங்கும் படித்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். பிள்ளைக்கு என்ன படிப்பு என்று கேட்கும் பெற்றோர்களும் இருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் மட்டும்தான் படிப்பு என்று நினைக்காமல் இதையும் ஒரு கண் பாருங்கள். மற்றவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சலவைத்தூளை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக் கரண்டியால் அளந்து போடுங்கள். துவைத்த தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள். அந்தக் கால்வாய் நேரே ஏரிக்குப் போகிறது.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எல்லாரும் தெரிந்துகொள்வோம். அடுத்த பதிவில் உவர்மண்ணும் வெள்ளாவியும் பற்றி விரிவாக எழுத எண்ணம். பழைய ஆட்கள் தெரிந்ததைச் சொல்லி உதவுங்கள்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர், படப்பை